மணலும் கணக்கும்: திருவான்மியூர்க் கடற்கரை நீர்தாங்கி பற்றிய அரசு ஆய்வுகள்

திருவான்மியூரில் தொடங்கி கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை வழியாக முட்டுக்காடு வரை, கிழக்கே வங்கக்கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணற்பட்டை, தமிழ்நாட்டில் அரசின் நீரியல், நிலவியல் துறைகள் நெடுங்காலமாகக் கவனித்துவரும் நிலப்பகுதிகளுள் ஒன்று. மைய நிலத்தடி நீர் வாரியத்தின் மண்டல அலுவலகம் இதன் வடக்கே பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இயங்குகிறது. மாநில நிலத்தடி மற்றும் மேற்பரப்பு நீர்வள விவரக் குறிப்பு மையமும் நீர் ஆய்வு நிறுவனமும் மேற்கே தரமணியில் உள்ளன. நகரத்தின் குடிநீருக்குப் பொறுப்பான சென்னைப் பெருநகர் குடிநீர் வாரியமும் இங்கே தனக்கெனக் கண்காணிப்புக் கிணறுகளை வைத்திருக்கிறது. இத்தனை அலுவலகங்கள் இவ்வளவு அருகில் அமைந்த நீர்தாங்கி இந்தியாவில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அப்படியிருந்தும் இப்பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கோடையில் தண்ணீர் லாரி வருவது நிற்கவில்லை. அறிவியல் எதைக் கண்டறிந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதை இந்த ஒரு பட்டையை முன்வைத்து ஆராய்வது, அரசின் நிலத்தடி நீர் ஆய்வு முழுவதையும் மதிப்பிட உதவும்.

நீர்தாங்கி என்பது நீரைத் தேக்கிவைக்கவும் கிணற்றுக்குள் விடவும் வல்ல மண் அல்லது பாறை அடுக்கு. சென்னையின் அடிநிலம் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. நகரின் மேற்குப் பகுதிகளில் கோண்டுவானாக் காலத்துக் களிப்பாறையும் களிமண்ணும் கனமாகப் படிந்துள்ளன. கிண்டி, வேளச்சேரி, அடையாறு ஆகிய தென்பகுதிகளில் சார்னோக்கைட் எனப்படும் கடினமான கரும்பச்சைப் பாறை அதிக ஆழமில்லாமலே தட்டுப்படுகிறது. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் இதே பாறையால் ஆனவை. 1851இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் அமைந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவிலுள்ள ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் இப்பாறைக்கு அப்பெயரிட்டார். அதே துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பலரும் அறிந்த செய்தி. அவரும் அவருடைய சகாக்களும் சென்னையைச் சுற்றிய நிலத்தைப் படமாக வரைந்த பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆயினும் பிற்காலத்து நீர் ஆய்வுகள் அனைத்துக்கும் அந்தப் படங்களே அடித்தளம்.

திருவான்மியூரின் சிறப்பு, இக்கடினப் பாறையின் மீது கடலும் காற்றும் கொண்டுவந்து சேர்த்த மணல் படிந்திருப்பதில் உள்ளது. கரைக்கு இணையாக எழுந்த மணல்மேடுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட தாழ்வுகளுமாக அமைந்த இந்நிலத்தில் பெய்யும் மழை ஓடிப்போவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிடும். பாறைப் பகுதியில் நீர் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே நிற்க, இங்கோ மணல் துகள்களின் இடைவெளி முழுவதும் நீருக்கு இடமாகிறது. நீர் நிரம்பிய அடுக்கிலிருந்து வடிந்து வெளிவரக்கூடிய நீரின் விகிதத்தை நீரியலார் ஒப்பு நீரீவு என்கின்றனர். நாடு முழுவதும் பின்பற்றப்படும் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் நெறிமுறை இதற்கு வைத்திருக்கும் மதிப்பு, மணற்பாங்கான வண்டலுக்கு 16 விழுக்காடு. களி கலந்த வண்டலுக்கு 6. சிதைந்த கருங்கல், நைஸ் வகைப் பாறைகளுக்குச் சுமார் 3. சென்னையின் பழைய அளவான ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலத்தின் அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், மணலில் ஏறத்தாழ 35,000 லிட்டர் சேரும். அதே உயர்வு பாறையில் ஆறேழாயிரம் லிட்டரைத்தான் குறிக்கும். கிணற்றில் நீர் ஏறியிருக்கிறது என்ற செய்தி எந்த மண்ணில் என்பதைச் சொல்லாமல் பொருள் தராது என்பதற்கு இதுவே காரணம்.

மணலின் இந்த வளத்துக்கு எதிராகக் கடல் நிற்கிறது. நன்னீரைவிட உப்புநீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது; ஆகவே கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீரின் மீது மிதந்து, அதைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். நெதர்லாந்தின் படோன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே வகுத்த விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீரே இருக்கும்; மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே நாற்பது மீட்டர் இழப்பு. நீர் அசையாமல் இருப்பதாகக் கொண்ட எளிய கணக்கு இது. உண்மையில் நன்னீர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் எல்லை சற்றுக் கீழேயே அமையும். இருந்தாலும் திருவான்மியூருக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்த்தால் வியப்பான ஒன்று புலப்படுகிறது. மணலின் கனம் கடல்மட்டத்துக்குக் கீழே இருபது மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் நின்றாலே பாறையின் தலைவரை நன்னீர் நிறைந்திருக்கும். அந்த அரை மீட்டர் கரைந்த இடத்தில் உப்புநீர் பாறையின் மேல் ஆப்புப்போல உள்நோக்கி நுழையத் தொடங்கும். ஆக இப்பட்டையின் பாதுகாப்பு முழுவதும் முழங்கால் உயரமே உள்ள ஒரு நீர்மட்ட வேறுபாட்டில் தங்கியிருக்கிறது.

மேற்கிலும் நிலைமை வேறன்று. பக்கிங்காம் கால்வாயில் முகத்துவாரங்கள் வழியாகக் கடலின் ஏற்றவற்றம் நுழைகிறது. அதையடுத்து, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் களிமண்ணும் உவர்நீருமாகப் பரந்து கிடக்கிறது. ஓரிரு கிலோமீட்டர் அகலமே உள்ள இம்மணற்பட்டை, வரைபடத்தில் நிலத்தோடு இணைந்து காணப்பட்டாலும், நீரியல் நோக்கில் ஒரு தீவுக்கு ஒப்பானது. அதற்கு ஆற்றுநீர் வரத்து இல்லை. மேட்டுநிலத்திலிருந்து அடிவழியாக வந்து சேரும் நீரும் குறைவு. மழை ஒன்றே வரவு. உப்புநீர் கலப்பதற்குப் பெரிய அளவும் தேவைப்படுவதில்லை. கடல்நீரின் ஒரு லிட்டரில் குளோரைடு மட்டும் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் இருப்பதால், கிணற்று நீரில் அது நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாக வகுத்த 250 மில்லிகிராம் வரம்பு கடந்துவிடும். உப்பேறிய மணலைக் கழுவி எடுப்பதோ மெதுவான வேலை. கடலோர மணலில் நிலத்தடி நீர் நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டரே நகரும் என்பதால், ஒரு கோடையில் நேர்ந்த கேடு தீரப் பல மழைக்காலங்கள் ஆகும்.

இந்த அச்சம் ஏட்டளவில் நின்றதன்று என்பதை வடசென்னை காட்டியது. சுதந்திர இந்தியாவில் நிலத்தடி நீர்த் தேடல் 1954இல் தொடங்கிய ஆய்வு ஆழ்துளைக் கிணறுகள் அமைப்போடு நிறுவன வடிவம் பெற்றது. 1970இல் அது மைய நிலத்தடி நீர் வாரியமாகி, 1972இல் நிலவியல் ஆய்வுத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இதற்கிடையே, 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு–கொசஸ்தலையாற்றுப் படுகையில் நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் செழிப்பான நீர்தாங்கிகளைக் கண்டறிந்தது. நகரின் தாகமும் மணலி ஆலைகளின் தேவையும் அங்கிருந்து நீரை இழுத்தன. உழவர்களின் மோட்டார்களும் சேர்ந்துகொண்டன. அறுபதுகளின் இறுதியில் கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் நின்ற உப்புநீர் எல்லை, எண்பதுகளில் ஒன்பது கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. நீரைக் கண்டுபிடித்த அறிவியலே அதன் இழப்பையும் பதிவு செய்தது. இடையில் இருந்திருக்க வேண்டிய கட்டுப்பாடு மட்டும் காலத்தில் வரவில்லை.

கட்டுப்பாடு வந்தபோது அது சட்ட வடிவில் வந்தது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் அதையொட்டிய நீதிமன்ற வழக்காறும் நிலத்துக்கு உரியவனே அடியிலுள்ள நீரை எடுக்க உரியவன் என்ற கருத்தை நிலைநாட்டியிருந்த நாட்டில், சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குபடுத்தல்) சட்டம், 1987, கிணறு தோண்ட அனுமதியும், வணிக நோக்கில் நீர் எடுக்கவும் லாரியில் கொண்டுசெல்லவும் உரிமமும் தேவை என்று விதித்தது துணிவான செயலே. சென்னை நகரும் சுற்றியுள்ள பல கிராமங்களும் அதன் எல்லைக்குள் வந்தன. மீஞ்சூருக்கு நேர்ந்தது திருவான்மியூர் முதலான தென்கரைக்கும் நேரக்கூடாது என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. வீட்டுக் கிணற்றிலிருந்து சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும் நீர் உரிமத்துக்கு வெளியே விடப்பட்டது. தனிவீடுகள் நிறைந்த அன்றைய திருவான்மியூருக்கு அது நியாயமாகப் பட்டிருக்கலாம். அதே மனைகளில் எட்டும் பத்துமாக அடுக்குவீடுகள் எழுந்த பிறகு, வீட்டுப் பயன்பாடு என்ற அந்த விலக்கே பட்டையின் பெரும் செலவாக மாறியது.

அரசின் அளவீட்டுப் பணியை எடுத்துக்கொண்டால், அதன் வலிமையை மறுப்பதற்கில்லை. மைய வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில், நாடெங்கும் குறித்த கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறது. உலக வங்கி உதவியுடன் 1995இல் தொடங்கிய நீரியல் திட்டத்தில் தமிழ்நாடும் பங்கேற்றது. கையால் நாடா இறக்கி அளந்த இடங்களில் தானியங்கிப் பதிவுக் கருவிகள் வந்ததும், சிதறிக்கிடந்த பதிவேடுகள் தரமணியில் ஒரே தரவுத்தொகுப்பாகத் திரண்டதும் அதன் பயன்கள். 2012இல் தொடங்கிய தேசிய நீர்தாங்கி வரைபடத் திட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அதன் முன்னோட்டத்தில் கடலூர் பகுதியும் சேர்க்கப்பட்டு, ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஹெலிகாப்டரில் தொங்கவிட்ட மின்காந்தச் சுருளால் அடிநிலத்தின் மின்கடத்துதிறனை அளந்தது. உப்புநீரும் களிமண்ணும் மின்னை எளிதில் கடத்துவன, நன்னீர் மணல் கடத்தாதது என்ற வேறுபாட்டைக் கொண்டு அடுக்குகளை மேலிருந்தே பிரித்தறியும் முறை இது. வீடுகளும் மின்கம்பிகளும் நெருங்கிய சென்னைப் பகுதியில் இத்தகைய பறப்பு அளவீடு கைகொடுக்காது. இங்கு நிலத்தில் மின்முனை ஊன்றிச் செய்யும் மின்தடை ஆய்வும் துளைப் பதிவுகளுமே வழி. மெட்ரோ ரயில் போன்ற கட்டுமானங்களுக்காக அடையாறு, திருவான்மியூர், தரமணிப் பகுதிகளில் எடுக்கப்படும் மண்பரிசோதனைத் துளைகள், பொறியாளருக்குப் பயன்படுவது போலவே நீரியலாருக்கும் பயன்படத்தக்க செல்வம்.

ஆனால் இந்த அளவீடுகள் அனைத்தும் இருப்பைப் பற்றியவை. எடுப்பு எப்படிக் கணிக்கப்படுகிறது என்று பார்க்கும்போதுதான் குறை தெரிகிறது. ஒவ்வொரு மதிப்பீட்டு அலகுக்கும் (தமிழ்நாட்டில் அண்மைக்காலம் வரை இவை பிர்க்கா எனும் 1,166 வருவாய் உட்பிரிவுகள்), எடுக்கப்படும் நீரை ஆண்டில் ஊறும் நீரால் வகுத்து, 70 விழுக்காட்டுக்கு உட்பட்டால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடியானது, 100 வரை நெருக்கடியானது, அதற்கு மேல் மிகைநுகர்வுக்கு உள்ளானது என்று பிரிக்கின்றனர். ஊறும் நீரை நீர்மட்ட ஏற்றத்தைக் கொண்டு அறிய முடிகிறது; எடுக்கும் நீருக்கோ கிணறுகளின் எண்ணிக்கையைச் சராசரி எடுப்பால் பெருக்குவதும், குடியிருப்புகளாயின் மக்கள்தொகையைத் தலைக்கு இத்தனை லிட்டர் என்ற அளவால் பெருக்குவதுமே வழக்கம். சரக்கு இருப்பைத் தினமும் எண்ணிவிட்டு விற்பனையை மட்டும் குத்துமதிப்பாக எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளையின் பேரேடு போன்றது இது. நகரங்களுக்கான ஊறல் கணக்கும் உறுதியானதன்று: கிழக்குக் கடற்கரை வண்டலில் மழையின் 16 விழுக்காடு உள்ளிறங்கும் என்று கொள்ளும் நெறிமுறை, கட்டடம் நிறைந்த பகுதிகளில் அதில் முப்பது விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறும், கள ஆய்வு கிடைக்கும் வரை இதைத் தற்காலிக ஏற்பாடாகக் கொள்ளுமாறும் பரிந்துரைத்தது. தற்காலிகம் என்று எழுதப்பட்டவை நம் அலுவலகங்களில் எத்தனை காலம் நிலைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த எண்களை ஒரு கிரவுண்டு நிலத்தின் மீது வைத்துப் பார்க்கலாம். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்ற கணக்கில், ஒரு கிரவுண்டில் விழும் மொத்த நீர் ஏறத்தாழ 3,10,000 லிட்டர். நகரங்களுக்கு வகுக்கப்பட்ட தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு வேண்டியது ஏறத்தாழ 49,000 லிட்டர். ஆகவே விழும் மழையில் ஒரு துளியும் வீணாகாமல் மண்ணுக்குள் போனாலும் அந்நிலம் தாங்குவது ஆறு பேரை. 16 விழுக்காடு மட்டும் இறங்கினால் ஒரே ஒருவரை. சிமென்ட் தளம் போட்ட பிறகு மிஞ்சும் அளவு ஒருவரைக்கூடத் தாங்காது. எட்டு வீடுகளில் முப்பது பேர் வாழும் கட்டடத்தின் ஆழ்துளைக் கிணறு தன் மனையின் நீரை மட்டும் எடுப்பதில்லை, அக்கம்பக்கத்து மனைகளின் நீரையும், இறுதியில் கடலின் நீரையும் இழுக்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட இயலாது.

மழைநீர் சேகரிப்பு இக்கணக்கின் நடுப்பகுதியைத் திருத்தும் முயற்சி. பெசன்ட் நகரைச் சேர்ந்த சேகர் ராகவன் போன்ற தனிமனிதர்கள் தொண்ணூறுகளிலேயே வீடுவீடாகச் சொல்லிவந்ததை, 2002இல் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை இல்லம் காட்சிப்படுத்தியது. 2003இல் அவசரச் சட்டத்தின் மூலம் மாநிலம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. மணலில் இத்திட்டம் எளிதாகப் பலிக்கும்; கூரைநீரைக் கிணற்றிலோ கூழாங்கல் நிரப்பிய குழியிலோ விட்டால் போதும். களிமண் பகுதியில் அதே குழி நீர் தேங்கிக் கொசு வளரும் தொட்டியாகிவிடும் என்பதால், அடிநிலப் படத்தைப் பார்க்காமல் செய்த இடங்களில் பயன் குறைந்தது. சட்டத்துக்குப் பின் நீர்மட்டம் உயர்ந்ததும் உப்பு குறைந்ததும் பதிவாயின. ஆயினும் 2005இல் பெருமழை பெய்ததையும் சேர்த்தே அவ்வுயர்வை மதிப்பிட வேண்டும். மழை எவ்வளவு தந்தது, சேகரிப்புக் குழாய் எவ்வளவு தந்தது என்று பிரித்தறிய, கட்டமைப்பு உள்ள தெருவையும் இல்லாத தெருவையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லோருக்கும் கட்டாயமாக்கிய நல்ல நடவடிக்கை, அந்த ஒப்பீட்டுக்கான வாய்ப்பை இல்லாமலாக்கியது.

2018இல் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையொன்று, 2020க்குள் சென்னை உள்ளிட்ட 21 நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்று கூறியது. 2019 ஜூனில், சேர்த்து ஏறத்தாழ 11 டி.எம்.சி. கொள்ளளவு உடைய சென்னையின் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டபோது உலகப் பத்திரிகைகள் அவ்வாக்கியத்தை எடுத்தாண்டன. 2020 வந்தது, நீர்மட்டம் மழையோடு மீண்டது, நிலத்தடி நீர் தீர்ந்துவிடவில்லை. நிலத்தடி நீர் ஒரு நாளில் காலியாகும் தொட்டி அன்று. மட்டம் தாழும், உப்பேறும், செலவு கூடும், ஏழையின் கைப்பம்பு முதலில் காற்றை இழுக்கும். அரசின் ஒரு கை பல்லாண்டுகள் பொறுமையாகச் சேர்த்த நீர்மட்டப் பதிவுகளை மற்றொரு கை வெளியிட்ட ஒற்றை வரி மறைத்துவிட்டது. அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். ஜனகராஜன் முதலியோர் நகர்ப்புறத் தண்ணீர் வணிகத்தையும் புறநகர்க் கிராமங்களின் இழப்பையும் பற்றிச் செய்த சமூக அறிவியல் ஆய்வுகள், நீரியல் கணக்கில் விடுபட்ட எடுப்பைக் குறித்து அறிக்கைகளைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன.

மணல்மேட்டு நீரை நம்பிய நகரங்கள் வேறு உண்டு. ஆம்ஸ்டர்டாம் 1853 முதல் கடலோர மணற்குன்றுகளின் நீரைக் குடித்தது. எடுப்பு மிஞ்சி அடியிலிருந்து உப்பு மேலேறியபோது, 1957 முதல் ரைன் ஆற்று நீரைச் சுத்திகரித்து அதே குன்றுகளில் இறக்கி, பின்னர் அதையே எடுத்துப் பயன்படுத்தும் முறைக்கு மாறியது. அங்கு ஒரே நிறுவனம் இறக்குகிறது, அதுவே அளந்து எடுக்கிறது. திருவான்மியூரில் எடுப்போர் ஆயிரக்கணக்கானோர். ஒவ்வொரு மனையிலும் ஒரு மோட்டார். ஆகவே டச்சு முறையை அப்படியே கொண்டுவருவது வீண். ஆனால் இங்கும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தென்சென்னைக்கு நீர் தருகிறது. அதனருகே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. ஆலைநீர் விலையுயர்ந்தது, மின்சாரத்தைச் சார்ந்தது. எனினும் குழாயில் அது வரும் அளவுக்கு மணலுக்கு ஓய்வு கிடைக்கக்கூடும்.

அந்த ஓய்வு உண்மையில் கிடைக்கிறதா என்பதை இன்றுள்ள அளவீட்டு முறை உறுதியாகச் சொல்லாது. நீர்மட்டம் உயர்ந்தால் அது மழையாலா, மோட்டார் ஓடாததாலா, பழைய குழாய்களின் கசிவாலா என்று பிரிக்க எடுப்பின் அளவு தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் பொருத்துவது கடினம். ஒவ்வொரு பிர்க்காவிலும் சில பத்துக் கட்டடங்களைத் தேர்ந்து மோட்டார் ஓடும் நேரத்தையும் மின்செலவையும் ஆண்டு முழுதும் பதிவதும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற லாரிகளின் நடைகளை எண்ணுவதும் எட்டாத வேலையல்ல. கண்காணிப்புக் கிணறுகளில் மட்டத்தோடு உப்பின் அளவையும் ஆழவாரியாகப் பதிவது இன்னும் தேவை. ஏனெனில் கடலோர நீர்தாங்கியில் மட்டம் நிலையாக இருக்கும்போதே அடியில் உப்பு ஆப்பு நகர்ந்துகொண்டிருக்கலாம், மேற்பரப்பு மாதிரி அதைக் காட்டாது. பெசன்ட் நகர், தரமணி அலுவலகங்களின் கருவிகளும் ஆட்களும் இதற்குப் போதும். எடுப்பை அளப்பது எந்த ஒரு துறையின் கடமை என்று எங்கும் எழுதப்படாததால்தான் அது நாற்பதாண்டுகளாக ஒருவர் மேசையிலிருந்து மற்றவர் மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.